குறிப்பேட்டில் எழுதாதது

மூன்றாம் வகுப்பு அறை, காலை ஏழு மணி.
கரும்பலகைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில்
மே மாதத்து தக்குவாரி ஆறு
கோடு கிழித்துவிட்டுப் போயிருக்கிறது.
இரண்டு தடவை வெள்ளையடித்தார்கள்.
கோடு மறுபடி கசிந்து வந்தது.

வெளியே தெருவெல்லாம் வேட்பாளர் முகங்கள்.
உள்ளங்கையளவுத் தாள்கள்.
குட்டிப் புனிதர்கள் என்போம் இங்கே.
இரவோடு இரவாகக் கொட்டியிருக்கிறார்கள்.
தூறல் பிடித்ததும்
கட்சி பேதமில்லாமல் எல்லாப் புனிதர்களும்
ஒரே சாக்கடை வாயை அடைத்துக்கொண்டார்கள்.

நான் நீரியல் முதுகலை, இரண்டாம் ஆண்டு.
இன்று மட்டும் வாக்குச்சாவடி உதவியாளர்.

முதலில் வந்த நோய்லியின் விரலை
ரேகைக் கருவி ஏற்கவில்லை.
துடைத்துவிட்டு வைத்தார். அப்போதும் இல்லை.
ஐந்து மாதம் பிளீச்சிங் தண்ணீரில் வீடு கழுவிய விரல்.
"அதையுமா அடித்துக்கொண்டு போயிற்று" என்று சிரித்தார்.
கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

லோரிவாலின் தெரு இப்போது இல்லை.
ஓட்டு இருக்கிறது.
ஜந்தீராவின் பெயர் இன்னும் பட்டியலில்.
வரவில்லை என்றுதான் குறிக்க முடியும்.
வேறு கட்டம் அச்சடிக்கவில்லை.

எங்கள் பேராசிரியர் நெய்வா டொமாசினி
நகர்மன்றத்துக்கு நிற்கிறார்.
நூறாண்டு வெள்ளம் என்றால்
நூறாண்டுக்கு ஒன்று என்று பொருளல்ல,
எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்று
கசாப்புக் கடை வாசலில் விளக்கினார்.
"ஒன்பது மாதத்தில் மூன்று முறை வந்ததே டீச்சர்,
அது எந்தக் கணக்கு?"
அவரிடம் பதில் இருந்தது. நீளமான பதில்.
அதற்குள் கடைக்காரர் எலும்பு வெட்டப் போய்விட்டார்.

ஆய்வகத்தில் நாங்கள் ஆறு பேர்.
ஆறு பேருக்கும் ஓட்டு இந்த அறையில்தான்.
எலோய் மட்டும் வாரம் முழுக்கச் சண்டை போட்டான்:
யார் வந்தாலும் கரையில் சிமெண்ட்டுதான்,
வெள்ளைப் பொத்தானை அமுக்குங்கள்,
வெற்று ஓட்டும் ஒரு பதில்தான் என்று.

மதியம் கூட்டம் குறைந்தபோது என் முறை.
அட்டை மறைப்புக்குப் பின்னால் மூன்று பொத்தான்கள்.
வெள்ளை. திருத்த ஆரஞ்சு. உறுதிசெய்யப் பச்சை.

நெய்வாவின் வரைபடத்தில் அந்தச் சிவப்பைத் தீட்டியது நான்.
ஒரு வியாழன் இரவு, ஆறிப்போன மாத்தேயோடு.
சிவப்புக்குள் இனி யாரும் குடியிருக்கக் கூடாது.
அப்பாவின் ரொட்டிக்கடை
பதினோரு மீட்டர் உள்ளே இருக்கிறது.
இரண்டு முறை சரிபார்த்தேன்.
மூன்றாம் முறை
எங்காவது ஒரு பிழை கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே.
கிடைக்கவில்லை.
ஆகஸ்டில்தான் கடன் வாங்கிப் புது அடுப்பு வைத்தார்.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே,
நின்று பார்த்தால்தான் தெரிகிறது,
இரண்டும் குளிர்.

அவருடைய எண்ணை அடித்தேன். அவர் முகம் வந்தது.
வகுப்பில் சிரிக்காத மாதிரியே படத்திலும் சிரிக்கவில்லை.
ஆரஞ்சை அமுக்கினேன். முகம் போயிற்று.
பிறகு வெள்ளை.
பிறகு பச்சை.
இயந்திரம் எல்லோருக்கும் பாடும் அதே பாட்டை
எனக்கும் பாடியது.

ஐந்து மணிக்கு அது தாளைக் கக்கியது.
நெய்வா டொமாசினி: நான்கு.

நடைபாதையில் எலோய் மெல்லச் சொன்னான்,
கடைசியில் மனசு கேட்கவில்லை, அவருக்கே போட்டேன்.
நானும், என்றாள் மரிஸ்தெலா.
நானும். நானும். நானும்.
ஆறாவதாக நானும் சொன்னேன்.
யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.
அல்லது எல்லோரும் பார்த்தோம்.

குறிப்பேட்டைத் திறந்து,
குறிப்பிடத்தக்க நிகழ்வு ஏதுமில்லை என எழுதி
முத்திரை வைத்தேன்.

எட்டு மணிக்கு நெய்வா போனில் அழைத்தார்.
ஓட்டைப் பற்றிக் கேட்கவில்லை.
மேல்கரையில் மழையாமே, அளவுகோல் என்ன காட்டுகிறது?
பதிமூன்று மீட்டர் நாற்பது, என்றேன்.
ஏறுகிறதா?
கடைக்குள் அப்பா நாளைக்கான மாவைப்
பிசைந்துகொண்டிருந்தார்.
குரலைத் தாழ்த்திக்கொண்டு,
ஏறுகிறது, என்றேன்.